கண்டி டவுனில் ஒரு சனிக்கிழமை: அப்பாயி கேட்ட சாமான்கள் எங்கே கிடைக்கும், எங்கே சாப்பிடலாம்?

கூடலூர்ப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் நீலகிரி மாவட்டம் கூடலூர்க்காரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வகுப்பு, ஆய்வுக்கூடம், விடுதி, வெள்ளிக்கிழமை குறிஞ்சிக் குமரன் கோவில், இவ்வளவுதான் இதுவரை நான் பார்த்த இலங்கை. கண்டிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வங்கி வேலை. முடிந்ததும் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை முழு நாளும் எனக்கு ஓய்வு. அடுத்த மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன், அதற்குள் ஒரு பெரிய வேலை இருக்கிறது. என் அப்பாயி (அப்பாவின் அம்மா) ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். எழுதி அனுப்பவில்லை, வாட்ஸப்பில் பேசி அனுப்பினார். ஏழு நிமிடம்.

அப்பாயி பிறந்தது கலஹா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து, 1974ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அப்போது அவருக்கு 19 வயது. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அப்புறம் கூடலூருக்கு வந்து அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எனக்கு இங்கே இடம் கிடைத்தது என்று சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. போய் அடுப்பில் சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் கேட்டது: மாசிக் கருவாடு கால் கிலோ, கித்துல் பாணி (ஒரு வகைப் பனம்பாகு) ஒரு போத்தல், கறுவா, கொறுக்காய், வறுத்த கறித்தூள், பிரம்பில் முடைந்த இடியப்பத் தட்டு பத்து ("பிளாஸ்டிக் தட்டு வாங்கிட்டு வந்துராத" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறார்), முடிந்தால் கறிக்கு வாசனைக்குப் போடும் இலையான ரம்பையின் செடி ஒன்று. தேயிலை மட்டும் வேண்டாமாம், அதுதான் நம் வாசலிலேயே இருக்கிறதே என்கிறார்.

இதில் மாசியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. நல்லது எது, பழையது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கொறுக்காய் என்றால் நம் ஊர்க் குடம்புளியா, வேறா?

இன்னொன்று சாப்பாடு. சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை அப்பாயியின் ஐயா பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப்போவாராம். ஒரு கடையில் உட்கார்ந்தால், கேட்காமலே தட்டு நிறைய ரோலும் பனிசும் (பன்) கொண்டுவந்து வைப்பார்களாம். தின்றதுக்கு மட்டும் காசு. அப்படி ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறதா? என்னோடு வரும் தோழி கோயம்புத்தூர்க்காரி, முட்டைகூடத் தொடமாட்டாள். அவளுக்கும் வயிறு நிறைய வேண்டும். இரண்டு பேருக்கும் சிங்களம் பத்து வார்த்தைக்கு மேல் வராது. சாமானும் சாப்பாடும் சேர்த்து என் கையில் 12,000 ரூபாய் இருக்கிறது, இலங்கைக் காசு. போதுமா?

எங்கள் விடுதிக்கு முன்னால் கலஹா போர்டு போட்ட பஸ் தினமும் போகிறது. நான் இன்னும் அதில் ஏறவில்லை. அப்பாயியைக் கூட்டிவந்து அவரோடுதான் ஏற வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.


ஹட்டன் பையன் எழுதியது:

தங்கச்சி, வாங்க. நானும் பேராதனையில் படித்தவன்தான், இப்போது கண்டியில் வேலை.

காலை எட்டு, எட்டரைக்கே கிளம்பிவிடுங்கள். கலஹா சந்தியில் நின்றால் கண்டிக்குப் போகும் பஸ் நிறைய வரும். கெட்டம்பே தாண்டி, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலைக் கடந்து டவுனுக்குள் நுழையும். மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் இறங்கினால் மத்திய சந்தை பக்கத்திலேயே. கீழ்த் தளத்தில் மரக்கறி, பழம், பலசரக்கு, மீன், இறைச்சி. மேல் மாடியில் துணியும், சுற்றுலாக்காரர்கள் வாங்கும் சாமான்களும். உங்கள் வேலை கீழேயே முடிந்துவிடும். மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடிக்கலாம், குடை கட்டாயம். அந்தச் சனிக்கிழமை போயாவா (பௌர்ணமி விடுமுறையா) என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். போயா என்றால் பாதிக் கடை திறக்காது.

சந்தையில் தமிழ் தெரிந்தவர்கள் நிறையப் பேர். முஸ்லிம் கடைகளில் 'நானா' என்று கூப்பிட்டுத் தாராளமாகத் தமிழில் கேட்கலாம். சிங்களத்தில் இரண்டே சொல் போதும். விலைக்கு 'கீயத'. உங்கள் தோழிக்கு 'உம்பலகட நெத்துவ', மாசி இல்லாமல் என்று அர்த்தம். இது அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். தேங்காய்ச் சம்பலில் மாசி போடுவார்கள், சீனிச் சம்பலில் போடுவார்கள், சில கடைகளில் பருப்பில், கீரைச் சுண்டலில்கூட ஒரு சிட்டிகை விழும். மரக்கறிச் சாப்பாடு என்று சொல்லித் தருகிறவருக்கு அது மீன் என்றே தோன்றாது. ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை, இங்கே பழக்கம் அப்படி.

தேயிலை விஷயத்தில் மட்டும் நான் உங்கள் அப்பாயியோடு ஒத்துப்போகமாட்டேன். நீலகிரித் தேயிலை அருமையானதுதான். ஆனால் அவர் பிறந்த மலையின் தேயிலை வேறு ருசி. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலில் வியாபாரத்துக்கென்று 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர, கலஹா தாண்டித் தெல்தோட்டைப் பக்கம்தான் இருக்கிறது. அதாவது உங்கள் விடுதிக்கு முன்னால் போகிறதே, அந்த ரோட்டு வழி. கண்டிப் பக்கத்துத் தேயிலை நடு உயரத்தில் விளைவது. சாயம் நன்றாக இறங்கும், பால் ஊற்றினாலும் ருசி போகாது. நுவரெலியாத் தேயிலை நிறம் குறைவு, வாசனைதான் அதற்கு. அதைச் சும்மா சாயமாகக் குடிக்க வேண்டும். பி.ஓ.பி.எஃப். என்று தரம் போட்டிருக்கும் தூளாகப் பாருங்கள், நம் வீட்டுத் தேத்தண்ணிக்கு அதுதான் சரி. பெட்டியில் வாள் பிடித்த சிங்க முத்திரை இருந்தால், முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது.

என் அம்மா இன்னும் மலைக்குப் போகிறார். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். அந்த நாலரைக் கிலோவும் இரண்டு இலை ஒரு மொட்டாக விரலால் கிள்ளிக் கூடையில் போட்டது. உங்கள் அப்பாயிக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், 200 கிராமாவது கொண்டுபோங்கள்.


கண்டிவாசி எழுதியது:

இவ்வளவு அலையத் தேவையில்லை. டவுனில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்குள் போனால் மாசி, பாணி, கறுவா, கறித்தூள் எல்லாம் பாக்கெட்டில் விலை ஒட்டி இருக்கும். அரை மணி நேரத்தில் வேலை முடியும், குளிரூட்டியும் உண்டு. இடியப்பத் தட்டு மட்டும் வெளியே தேட வேண்டி வரும்.


மாத்தளை அக்கா எழுதியது:

கண்டிவாசி சொல்வது கறித்தூளுக்கும் கொறுக்காய்க்கும் சரி. மாசியைப் பாக்கெட்டில் வாங்காதே மகள். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் இடித்த தூளும் துண்டும். அதில் எது எதோடு கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முழுத் துண்டாக வாங்கு. சூரை வகை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து எடுப்பதுதான் மாசி. மாலைதீவில் இருந்து வந்த பழக்கம். நல்ல மாசி விறகுத் துண்டு மாதிரி இருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வர வேண்டும். மொத்து மொத்தென்று கேட்டால் ஈரம் இருக்கிறது, நாலு வாரத்தில் பூசணம் பிடிக்கும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் எடுக்காதே.

கொறுக்காய் உங்கள் ஊர்க் குடம்புளிக்குச் சொந்தக்காரன்தான். கறுப்பாகக் காய்ந்திருக்கும். மீன் குழம்புக்கு அதைத்தான் கேட்டிருப்பார்.

கறுவாவில் கவனம். உங்கள் பக்கம் கடைகளில் பட்டை என்று விற்பது பெரும்பாலும் தடித்த மரப்பட்டை மாதிரி இருக்கும், உடைக்க உலக்கை வேண்டும். இங்கே கறுவா தாள் போல மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிச் சுருட்டுப் போல இருக்கும். விரலால் நொறுக்கலாம். வாயில் போட்டால் காரத்துக்கு முன்னால் இனிப்புத் தெரியும்.

பாணி மட்டும் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படு. கித்துல் என்பது நம் கூந்தல்பனை. ஆள் மரம் ஏறிப் பூவைச் சீவித் தெளுவு இறக்கி, மணிக்கணக்காகக் காய்ச்சி எடுக்கிற சாமான் அது, சீனிப் பாகு விலைக்கு வராது. போத்தலைச் சாய்த்துப் பார், தண்ணியாக ஓடக் கூடாது. புகை வாசனை இலேசாக இருக்கும், அது நல்லது.

தட்டு நிறைய வைக்கும் வழக்கம் இன்னும் உண்டு, எல்லாக் கடையிலும் இல்லை. உட்கார்ந்து தேத்தண்ணி சொன்னால் ரோல், கட்லட், பட்டிஸ், மாலுபான் (மீன் வைத்த பன்), மரக்கறி ரொட்டி என்று கலந்து ஒரு தட்டு வைப்பார்கள். சாப்பிட்டதை எண்ணிப் பில் போடுவார்கள். மற்றதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்காதே, அது மட்டும்தான் மரியாதை. தோழிக்கு மத்தியானத்துக்குச் சைவக் கடைதான் நிம்மதி. யாரையாவது கேட்டால் காட்டுவார்கள்.

12,000 தாராளம். பாணியும் மாசியும்தான் காசைத் தின்னும். போய்வந்து எழுது, என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.


கூடலூர்ப் பெண் எழுதியது:

போய்வந்துவிட்டேன். ஞாயிறு காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அறை முழுக்க மாசி வாசனை.

முதலில் ஒரு தப்பு செய்தேன். அக்கா சொன்னதை எல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தும், பஸ்ஸில் இருந்து இறங்கியதும் ஏரிப்பக்கம் கண்ணில் பட்ட ஒரு கடைக்குள் போய்க் கறுவா விலை கேட்டேன். எங்கள் பேச்சைக் கேட்டு, முதுகில் பையையும் பார்த்துவிட்டு, சந்தை விலைக்கு மூன்று மடங்கு சொன்னார்கள். அப்போது எனக்குச் சந்தை விலை தெரியாது. வாங்கியும்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து உண்மை விலை தெரிந்தபோது வயிறு எரிந்தது. புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து முதலில் சந்தைக்குள் நுழையுங்கள்.

மாசிக் கடை சந்தையின் கீழ்த் தளத்தில், கருவாட்டு வரிசையில். வெள்ளைத் தாடி வைத்த ஒரு நானா. "எந்த ஊர் மகள்?" என்றார். கூடலூர் என்றேன், அவருக்குத் தெரியவில்லை. அப்பாயி கலஹா என்றேன். "அப்ப நீங்க நம்ம ஊர்ப் புள்ளதானே" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மாசி ஒரு சாக்கில் இருந்தது. நான் மீன் மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது கரிக்கட்டைக்கும் பலாக்கட்டைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கையில் எடுத்தால் கனம், விளிம்பு கத்தி மாதிரி. இரண்டை எடுத்துத் தட்டினேன். டொக்கென்று சத்தம் வந்தது, ஆனால் அது சரியான டொக்கா என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பாயிக்கு வீடியோ கால் போட்டேன்.

வழக்கமாக அவர் போனைக் காதில் வைத்துக்கொள்வார், எங்களுக்கு அவர் காதுதான் தெரியும். இந்தத் தடவை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். "தட்டு" என்றார். தட்டினேன். "போன்கிட்ட வச்சுத் தட்டு." தட்டினேன். "அத வையி, அந்த நீளத் துண்ட எடு." அதைத் தட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம், "ஒடச்சுக் காட்டச் சொல்லு, உள்ள கருஞ்செவப்பா மினுங்கணும்" என்றார். நானாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இரும்புலக்கையால் ஒரு போடு போட்டு, உடைந்த முகத்தைப் போன் பக்கம் திருப்பிக் காட்டினார். மினுங்கியது. "சரி, எடுத்துக்க" என்று உத்தரவு வந்தது. அதன் பிறகு நானாவும் அப்பாயியும் ஐந்து நிமிடம் பேசினார்கள். கலஹாவில் இப்போது எந்தத் தோட்டத்துக்கு யார் துரை, கோவில் திருவிழா நடக்கிறதா என்றெல்லாம் கேட்டார். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். கால் கிலோவுக்கு மேலேயே நிறுத்துப் போட்டார், கூடுதலுக்குக் காசு வாங்கவில்லை.

பாணி, கொறுக்காய், கறித்தூள் எல்லாம் பக்கத்துக் கடைகளில் சீக்கிரம் முடிந்தன. நல்ல கறுவாவும் கொஞ்சம் வாங்கினேன். நொறுக்கி வாயில் போட்டுப் பார்த்தேன், அக்கா சொன்ன மாதிரி இனிப்புத்தான் முதலில் வந்தது. ஹட்டன் அண்ணா, தேயிலையும் வாங்கிவிட்டேன். கண்டித் தூள் 200 கிராம், நுவரெலியா 100 கிராம்.

இடியப்பத் தட்டுதான் சுற்றவைத்தது. சந்தையில் கேட்ட இடமெல்லாம் பச்சை, நீலப் பிளாஸ்டிக். கடைசியில் கொழும்பு வீதியில் ஏறி, ஒரு சந்துக்குள் பாயும் கூடையும் விளக்குமாறும் தொங்கும் சின்னக் கடையில் கிடைத்தது. கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் வராது. 'கீயத' என்று கேட்டேன், விரலால் காட்டினார். பத்துத் தட்டு 900 ரூபாய். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, பிசிறு நீட்டிக்கொண்டிருந்த இரண்டை அவரே ஒதுக்கிவிட்டு வேறு எடுத்துத் தந்தார்.

மத்தியானம் சைவக் கடை. சோறு, பருப்பு, பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கத்தரிக்காய், வல்லாரைச் சம்பல், அப்பளம். பலாக்காயை நாங்களும் சமைப்போம், ஆனால் இப்படி மணிக்கணக்கில் அடுப்பில் வைத்துக் கறுக்கவிடமாட்டோம். தோழி மூன்று தடவை சோறு வாங்கினாள். பரிமாறியவர் ஒவ்வொரு தடவையும் பலாக்காயையும் சேர்த்தே வைத்தார். "கறி போடவா?" என்று முதலில் கேட்டபோது அவள் பதறிப்போய் இலையை மறைத்தாள். எங்கள் பக்கம் கறி என்றால் ஆட்டுக்கறி. இங்கே எல்லாமே கறி.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. கண்ணாடிப் பெட்டியில் பணியாரம் தெரிந்த ஒரு பேக்கரிக்குள் ஒதுங்கிப் பிளேன்டீ சொன்னோம். தட்டு வந்தது! கேட்கவே இல்லை, வந்தது. ரோல் நாலு, கட்லட் நாலு, மாலுபான் இரண்டு, முக்கோணமாக மடித்த ரொட்டி மூன்று, பனிஸ் இரண்டு. தோழி பனிசை எடுக்கப் போனாள். வைத்தவரே "நங்கி, அதுக்குள்ள சீனிச் சம்பல், மாசி இருக்கு" என்றார், தமிழில். நாங்கள் கேட்காமலே. ரொட்டியில் வெறும் கிழங்கும் லீக்ஸும்தான் என்று அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நான் மாலுபான் ஒன்றும் ரோல் இரண்டும் தின்றேன். ரோல் வெளியே மொறுமொறுவென்று, உள்ளே மிளகு காரத்தோடு மீனும் கிழங்கும். தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். எழுந்தபோது தட்டில் மிச்சம் இருந்ததை ஒரு பார்வை பார்த்து 610 ரூபாய் என்றார். நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

மழை விட்டதும் ஏரிக்கரைக்குப் போய் மறுபடி அப்பாயிக்குப் போன் போட்டேன். கடைசி ராஜா 1807ல் வெட்டிய ஏரி என்று வகுப்பில் ஒருவர் சொல்லியிருந்தார், அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை. "செவுத்தக் காட்டு" என்றார். ஏரிக்கரையோரம் மேகம் மாதிரி வளைந்து வளைந்து போகும் வெள்ளைச் சுவர் இருக்கிறதே, அது. விளக்கு வைப்பதற்காக அதில் முக்கோணக் குழிகள் உண்டு. "அந்தக் குழியில கைய விடு." விட்டேன். மழைத் தண்ணீர் தேங்கி ஜில்லென்று இருந்தது. "ஈரமா இருக்கா?" என்றார். இருக்கு அப்பாயி என்றேன். "ஒவ்வொண்ணாக் கைய விட்டுக்கிட்டேதான் நடப்பேன், ஐயா திட்டுவாரு" என்றார். அப்புறம் மாசியை வெயிலில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எல்லாம் போக 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே மிச்சம். ஏரிப்பக்கக் கடையில் கொடுத்த காசு கையில் இருந்திருந்தால் அவருக்கு ஒரு சீத்தைத் துணியும் எடுத்திருப்பேன்.

இனி ரம்பைச் செடி. அதை எப்படிக் கொண்டுபோவது?


மாத்தளை அக்கா எழுதியது:

வாசித்துவிட்டு நானும் என் மாசிப் போத்தலைத் திறந்து இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தேன் மகள்.

ரம்பைச் செடியை விடு. உயிர்ச் செடிக்கு இந்தப் பக்கம் சான்றிதழ், அந்தப் பக்கம் அனுமதி என்று இரண்டும் வேண்டும், இல்லாமல் விமான நிலையத்தில் பறித்து எறிந்துவிடுவார்கள். கேரளத்தில் ரம்பை வளர்க்கிறார்கள், உங்களுக்குப் பக்கம்தானே, வயநாட்டுப் பக்கம் விசாரித்துப் பார். பாணிப் போத்தலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, துணிக்குள் சுருட்டிப் பெரிய பெட்டியில் வை, கைப்பையில் விடமாட்டார்கள். மாசியை நன்றாகக் காயவைத்து இரண்டு பைக்குள் போட்டுக் கட்டு, இல்லாவிட்டால் உன் சட்டையெல்லாம் மணக்கும். இடியப்பத் தட்டைப் பெட்டியின் அடியில் தட்டையாக அடுக்கு, மேலே பாரம் ஏற்றாதே.


ஹட்டன் பையன் எழுதியது:

தங்கச்சி, கலஹா பஸ் விஷயம். அப்பாயி வரும்போது காலை பஸ்ஸில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் மலையில் பனி இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் பக்கம் அவரை உட்காரவையுங்கள். தோட்டத்தின் பேர் தெரிந்தால் இங்கே எழுதுங்கள், அந்தப் பக்கம் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், எந்த லயம் என்று விசாரித்து வைக்கிறேன்.


கூடலூர்ப் பெண் எழுதியது:

அண்ணா, பேர் அவருக்கு நன்றாகத் தெரியும். டிவிசன், லயத்து நம்பர் எல்லாம் சொல்வார். இன்று இரவு கேட்டு எழுதுகிறேன். அக்கா, தட்டுகளை இப்போதுதான் கழுவி ஜன்னலில் காயவைத்திருக்கிறேன்.